ஊரடங்கில் ஊழியருக்கு மட்டுமா பொறுப்பு? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தரும் பாடம்

"வீட்டிலேயே இருங்கள்" என்கிறது அரசு. "நாளைக்குக் காலையில டூட்டிக்கு வந்துடுப்பா" என்று போன் பண்ணுகிறார் சூப்பர்வைசர். யார் பேச்சைக் கேட்பது? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கிளம்புபவரைத்தான் செக்போஸ்ட்டில் போலீஸ் நிறுத்துகிறது. அவரை வரச் சொன்னவர் அங்கே இருப்பதில்லை. அதனால்தான் ஊரடங்கு நேரத்தில் நிறுவனங்களுக்கும் தனியாக விதிகள் போடப்படுகின்றன.

2020-ல் என்ன நடந்தது?

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

• தொழிற்சாலைகள்: லேத் மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மே 25 முதல் அம்பத்தூர், கிண்டி உள்ளிட்ட 17 தொழிற்பேட்டைகள் 25 சதவீதத் தொழிலாளர்களுடன் இயங்க அனுமதி கிடைத்தது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியில் வசிப்பவர்களை வேலைக்கு அழைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

• ஐ.டி. நிறுவனங்கள்: ஜூன் 1 முதல் சென்னை காவல் எல்லையில் 20 சதவீத ஊழியர்கள், அதிகபட்சம் 40 பேர் மட்டும். அவர்களை அழைத்துவர வாகனம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் வேலை.

• பி.பி.ஓ.க்கள்: வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொலைத்தொடர்பு விதிகளே தடையாக இருந்தன. மார்ச் 2020-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை அவற்றைத் தளர்த்தியது.

ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் முழு ஊரடங்கு. அப்போது சென்னை காவல் எல்லைக்குள் இருந்த ஆவடியும் பூந்தமல்லியும் அதில் அடங்கின. காய்கறி, மளிகை வாங்கக்கூட 2 கிலோமீட்டருக்குள்தான் போகலாம் என்ற நிலை.

சட்டம் என்ன சொல்கிறது?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன் பிரிவு 51-ன்படி, உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மீறியது நிறுவனம் என்றால், பிரிவு 58-ன்படி அதன் பொறுப்பாளரும் குற்றவாளி ஆவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சம்பளம்? பிடித்தம் இல்லாமல் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த இடைப்பட்ட நாட்களுக்கான சம்பளத்தை இரு தரப்பும் பேசித் தீர்க்கலாம் என்று ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இப்போது எதற்கு இது?

தொற்று போனாலும் மழை வருகிறதே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. 2024 அக்டோபர் 15 முதல் 18 வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைக்கும்படி, சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட 4 மாவட்ட ஐ.டி. நிறுவனங்களுக்கு அரசு அறிவுறுத்தியது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை

• யார் கட்டாயம் வர வேண்டும், யார் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற பட்டியலை இப்போதே தயார் செய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேருங்கள்.
• வரச் சொன்னால் அனுமதிக் கடிதமும் வாகனமும் கொடுங்கள்.
• வர முடியாத நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதை முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• "வா" என்று போனில் சொன்னால், அதையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள்.
• அடையாள அட்டை, அனுமதிக் கடிதம் இரண்டையும் போனில் படமாக வைத்திருங்கள்.
• அவசர உதவிக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.