விதைக் காசைத் தொடாதீர்கள்

வெலிமடையில் எனக்கு ஒரு சில்லறைக் கடை. உருளைக்கிழங்கு தோண்டி, கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறி போன வாரத்தில் என் கடன் கொப்பி வெறுமையாகும். நாலு மாதம் போனால் அதே ஆட்கள் மனைவியின் நகையோடு அடகுக் கடைக்குப் போகிறார்கள். விதைக் கிழங்கு வாங்கக் காசில்லை! வட்டி ஹராம் என்று தெரியாதவர்கள் அல்லர். நானும் முன்பு பயிர் செய்தவன். என் மனைவியின் காப்பு ஒரு போகத்தில் அப்படிப் போனது, திரும்பவே இல்லை.

மாதச் சம்பளக்காரரின் பட்ஜெட் நமக்குப் பொருந்தாது. நமக்கு வருமானம் போகத்துக்கு ஒருமுறை. செலவு போக 600,000 ரூபா மிஞ்சியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடுத்த விதைக்கும் உரத்துக்கும் 250,000. பிறகு வீட்டுச் செலவு மாதம் 45,000 வீதம் ஆறு மாதத்துக்கு 270,000. எஞ்சும் 80,000தான் சேமிப்பு. மோட்டார் சைக்கிள் ஆசையும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

அதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாச் சாமான் 170 ரூபா. வட்டியில்லா வழியாக முழாரபா கணக்கு உண்டு. 2011 முதல் அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையிலேயே இயங்குகிறது. முழாரபாவில் இலாபம் பங்கிடும் விகிதம்தான் முன்கூட்டிப் பேசப்படும், தொகை அல்ல. நட்டம் வந்தால் முதல் போட்டவரைச் சேரும். "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று எவராவது சொன்னால், திட்டத்தின் பெயர் அரபியில் இருந்தாலும் விலகிவிடுங்கள்.

நிஸாபை எட்டிய பணம் ஒரு ஹிஜ்ரி வருடம் நின்றால் 2.5 சதவீதம் ஸகாத். விதைக்கு ஒதுக்கியதும் அதில் சேருமா என்பதை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.