பழைய கார் வாங்கிய முதல் வாரத்தில் குறை தெரிந்தால்

நேற்று துவரம்பருப்பு வாங்கிப் போன வாடிக்கையாளர் இன்று காலை திரும்ப வருகிறார். "அண்ணாச்சி, பருப்புல வண்டு இருக்குது, பாருங்க" என்கிறார். நாம் பையைப் பிரித்துப் பார்க்கிறோம். நம் கடைச் சரக்குதான், குறையும் நம்முடையதுதான் என்றால் வேறு பருப்பு நிறுத்துக் கொடுக்கிறோம். அதே வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்து வந்தால் பேச்சே வேறு.

பழைய கார் வாங்கிய பிறகு குறை தெரிந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். விற்கும்போதே குறை இருந்ததா? விற்றவர் என்ன சொல்லி விற்றார்? வாங்கியவர் எப்போது வந்து சொன்னார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் காகிதத்தில் பதில் வைத்திருப்பவருக்குப் பணம் திரும்ப வர வழி உண்டு. வைத்திருக்காதவருக்கு வாக்குவாதம்தான் மிஞ்சும். நம் உறுப்பினர்கள் கார் வாங்கப் போடுவது பெரும்பாலும் கொள்முதலுக்குச் சுழலும் பணம் என்பதால், இதை ஒரு பாடமாகவே இங்கு காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

நூம்பலில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், ஒன்பது ஆண்டு ஓடிய கார் ஒன்றைக் குடும்பத்தின் உபயோகத்துக்காகத் தம் சொந்தப் பெயரில் 2,80,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் பழைய கார் வியாபாரி. "இன்ஜின்ல கையே வைக்கலீங்க, அப்படியே ஓட்டலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். நான்காம் நாள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காபி நிறம். ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. கூடவே கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருக்கிறது. மொத்தச் செலவு 45,000 ரூபாய் என்கிறார்.

இந்த நிலையில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். வியாபாரிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறோம். அல்லது முதலில் ரிப்பேர் செய்துவிட்டு அப்புறம் பில்லைக் காட்டிப் பணம் கேட்கிறோம். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. ரிப்பேர் செய்துவிட்டால் குறை இருந்ததற்கே சாட்சி இல்லை.

தேய்மானமும் மறைந்த குறையும்

முதலில் குறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட் முதலியவை ஓட ஓடத் தேய்பவை. ஒன்பது ஆண்டு ஓடிய காரின் விலையிலேயே இந்தத் தேய்மானம் கழிக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்காக விற்றவரிடம் போய் நிற்பது நியாயம் ஆகாது.

ஹெட் கேஸ்கெட் பழுது, விபத்தில் வளைந்து வெல்டிங் வைத்த சேஸிஸ், பின்னோக்கித் திருப்பப்பட்ட கிலோமீட்டர் மீட்டர், வெள்ளத்தில் மூழ்கியது ஆகியவை வேறு வகை. இவை வாங்குபவர் கண்ணுக்கு எளிதில் படாதவை. விற்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்தவை. கூவம் ஆற்றை ஒட்டிய நம் பகுதிக்கு வெள்ளம் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் சந்தேகப்படுங்கள். தரை விரிப்புக்கு அடியில் வண்டல், சீட் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஈர வாடை ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

சட்டம் சொல்லும் குதிரைக் கதை

கார் ஓடத் தொடங்குமுன்பே, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தைக் குதிரையை வைத்து விளக்கியிருக்கிறது. அதன் 17ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் நோயுள்ள குதிரையை, நோய் இருப்பது தெரிந்தே, ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். இது மோசடி ஆகாது. அதே பிரிவில் இன்னொரு எடுத்துக்காட்டு: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் வாயைத் திறக்கவில்லை. இங்கே அவருடைய மௌனமே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு கேள்விதான். கேட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. கேட்காதவர் விற்றவரின் மௌனத்தை மட்டும் காட்டி வெல்வது கடினம். 19ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறையை, விற்றவர் சொல்லவில்லை என்ற காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆகவே வாங்கும் முன் மெக்கானிக்கை அழைத்துப் போகாதவரின் வழக்கு பாதி பலம் இழந்துவிடுகிறது.

விற்றவர் யார்?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு, இதைக் கேட்கிறது. அந்தச் சரக்கையே தொழிலாக விற்பவரிடம் வாங்கினால், சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே உண்டு. பழைய கார் வியாபாரி இதற்குள் வருகிறார். தம் சொந்தக் காரை ஒரு தடவை விற்கும் தனி மனிதருக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. அவரிடம் வாங்கினால் அவர் கொடுத்த வாக்குதான் நம் ஆதாரம். வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. "உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வியாபாரியின் பொறுப்பு வெகுவாகக் குறையும். ஆனால் அந்த ஒரு வரி, தெரிந்தே சொன்ன பொய்க்குக் கவசம் ஆகாது.

முதல் ஏழு நாளில் செய்ய வேண்டியவை

1. வண்டியை நிறுத்துங்கள். சூடேறிய இன்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் 45,000 ரூபாய் செலவு இரட்டிப்பாகும். "நீங்கள் ஓட்டிக் கெடுத்தீர்கள்" என்று சொல்லவும் இடம் கொடுத்ததாகும்.

2. அன்றைய கிலோமீட்டர், ஆயில் மூடி, குறையுள்ள பாகம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். விற்பனை விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், பணம் கொடுத்த ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

3. விற்றவருக்குத் தொடர்பில்லாத ஒர்க்ஷாப்பில் காட்டி, லெட்டர்பேடில் அறிக்கை வாங்குங்கள். என்ன குறை, என்ன காரணம், இது நான்கு நாளில் வரக்கூடியதா, முன்பே இருந்ததா, என்ன செலவு ஆகும் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

4. உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 42ஆம் பிரிவின்படி, நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதன் பிறகு பொதுவாக நஷ்ட ஈடுதான் கேட்கலாம். வண்டியைத் திருப்பிக் கொடுப்பது கடினம்.

5. அவர் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். அதற்கு முன் ரிப்பேரைத் தொடங்க வேண்டாம். தொடங்கியே ஆக வேண்டும் என்றால் கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவாறு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம்:

"ஐயா, இன்ன தேதியில் தங்களிடம் இன்ன எண்ணுள்ள காரை 2,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்ஜினில் பழுது இல்லை என்று தாங்கள் தெரிவித்தீர்கள். நான்காம் நாள், 210 கிலோமீட்டர் ஓடிய நிலையில், ஹெட் கேஸ்கெட் பழுது தெரியவந்தது. ஒர்க்ஷாப் அறிக்கை இணைத்துள்ளேன். வண்டி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் வந்து பார்வையிட்டு, தங்கள் செலவில் சரிசெய்து தரவோ, வண்டியைத் திரும்பப் பெற்றுப் பணம் தரவோ வேண்டுகிறேன்."

கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். நாளை இதை ஒரு மூன்றாம் மனிதர் படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள்.

பேசித் தீர்க்கும் கணக்கு

வழக்கை விடப் பேச்சு லாபம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் நியாயமான தொகையோடு பேச உட்கார வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 45,000 ரூபாயில் கிளட்ச் வேலை 9,000 என்றால், அது தேய்மானம். நாமே ஏற்க வேண்டும். மீதி 36,000 ரூபாய்தான் கேட்கத்தக்கது. பழைய இன்ஜினுக்குப் புதிய பாகங்கள் கிடைப்பதால் அதிலும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கலாம். 28,000க்கோ 30,000க்கோ அன்றே முடிந்தால், கடையைப் பூட்டிவிட்டு அலைவதை விட அது மேல். முடிவானதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஆணையமா, நீதிமன்றமா?

பேச்சு முறிந்தால் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

இங்கேதான் வணிகர்கள் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உள்ளது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்லர். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய இயந்திரம் குறித்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டுபவர் நுகர்வோர். வாங்கி வேறொருவரை வைத்து ஓட்டி லாபம் பார்ப்பவர் நுகர்வோர் அல்லர் என்பதே அதன் சாரம். வழக்குத் தொடுத்த அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றே தீர்ப்பானது.

ஆகவே, குடும்பத்துக்காகச் சொந்தப் பெயரில் வாங்கிய கார் என்றால் ஆணையத்துக்குப் போகலாம். கடையின் பெயரில் வாங்கி, கடைக் கணக்கில் தேய்மானம் எழுதி, டிரைவர் வைத்துச் சரக்கு ஏற்றும் வண்டி என்றால் எதிர்த்தரப்பு அந்தக் கணக்கையே எடுத்துக் காட்டும். அப்போது சிவில் நீதிமன்றம்தான் வழி. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வியாபாரி அல்லாத தனி மனிதரிடம் வாங்கியிருந்தாலும் வழி அதுவே.

காகிதக் குறைகள்

இன்ஜின் குறையை விடக் காகிதக் குறை சில சமயம் அதிகம் கடிக்கும். பழைய கடன் தீர்ந்து ஆர்.சி.யில் ஹெச்.பி. நீக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது என்பதற்காக இந்த நாட்கள் காத்திருக்க மாட்டா.

அரிசியும் கல்லும்

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், எல்லாக் காருக்கும் மட்டமான விலையே கிடைக்கும். நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் மோசமான கார்களே மிஞ்சும் என்று காட்டினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதே கட்டுரையில், அரிசியின் நிறத்திலேயே கல்லைக் கலந்து விற்கும் இந்தியக் கடைத்தெருவையும், கல் பொறுக்கும் இல்லத்தரசியையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். நம் தொழிலுக்குப் பெருமை தரும் குறிப்பு அல்ல அது. ஆனால் ஒருவர் கலக்கும் கல், நேர்மையாக விற்கும் பத்துப் பேரின் விலையையும் குறைக்கிறது என்பது நமக்குத் தெரிந்த உண்மைதானே!

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது; பழைய கார்களும் அதில் அடக்கம். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே நம் சட்டத்தை நாமே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கு வரி போதும்: விபத்து இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, மீட்டர் திருத்தப்படவில்லை, இன்ஜினிலும் கியர் பாக்ஸிலும் தெரிந்த பழுது இல்லை. கீழே விற்பவரின் கையெழுத்தும் தேதியும். நல்ல வண்டி விற்பவர் தயங்காமல் கையெழுத்திடுவார். தயங்குபவரிடம் அட்வான்ஸைக் கொடுக்காமல் வீடு திரும்பலாம். அன்று மிச்சமாவது நம் கடையின் கொள்முதல் பணம்.