சக்கரவாளக் கணக்கு

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61 ஆல் பெருக்கி, 1 கூட்டினால், வருவதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாதல் வேண்டும். சுழி நீங்கலாக, அவ்வெண் யாது? எளிதாகத் தோன்றும் இக்கணக்கின் மிகச் சிறிய விடையே 22,61,53,980 ஆகும்!

1657 இல் பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இக்கணக்கை விடுத்துப் பிற அறிஞரை அறைகூவி அழைத்தார். ஆனால், 12 ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கரர் தம் ‘பீஜகணிதம்’ என்னும் நூலில் இதற்கு விடை கண்டிருந்தார். ஒரு படியிற் பெற்ற எண்களையே அடுத்த படியில் இட்டுச் சக்கரம்போற் சுழன்று செல்வதால், அவர் கையாண்ட முறை ‘சக்கரவாளம்’ எனப்பட்டது.

அம்முறை எப்பொழுதும் விடையிற் சென்று முடியுமா? பாஸ்கரர் அதனை நிறுவிக் காட்டவில்லை. பிற்காலத்தார் சிலரோ, 18 ஆம் நூற்றாண்டில் லாக்ராஞ்சு கண்ட தொடர்பின்ன முறையும் இதுவும் ஒன்றே எனக் கருதினர்.

தமிழகத்தில் 1892 இல் பிறந்து, மைசூரில் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர் ஏ. ஏ. கிருஷ்ணசாமி ஐயங்கார். அவர் சக்கரவாளத்தை நுணுகி ஆராய்ந்து, 1930 ஐ ஒட்டிக் கட்டுரை வெளியிட்டார். அம்முறை தவறாது விடை தரும் என்பதையும், அது தொடர்பின்ன முறையின் வேறானது என்பதையும் அவர் நிறுவினார்.

முன்னோர் பெருமையைப் பேசுதல் எளிது; அதனை ஆராய்ந்து மெய்ப்பித்தலே அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் அப்பேராசிரியர்.