டாக்கிங்குக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையின் ரோபோ தியேட்டரில் மயக்க மருத்துவராகச் சேர்ந்திருக்கிறாய் என்று அப்பா சொன்னார். மிகுந்த மகிழ்ச்சி. 2022-இல் அங்கே ரோபோ வந்த பிறகு, நம் சுங்குவார்சத்திரத்துக் கூலித் தொழிலாளிக்கும் ரோபோ அறுவைச் சிகிச்சை எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. புரோஸ்டேட் அறுவையைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

நம் ஊர் ஆலைகளில் ரோபோவைச் சுற்றி வேலி உண்டு. ஆள் உள்ளே போனால் இயந்திரம் நின்றுவிடும். தியேட்டரில் அதன் கைகள் நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அவர் ஒருமுறை இருமினாலும் அவை விலகிக்கொடுக்காது. தசைத் தளர்ச்சியை மானிட்டரில் பார்த்துக்கொண்டே இரு, ஊகத்தில் மருந்து கொடுக்காதே.

ரோபோவின் கைகளை நோயாளியோடு இணைக்கும் டாக்கிங் முடிந்துவிட்டால் அவர் கை உனக்கு எட்டாது. இரண்டு ஊசிவழிகள், நீண்ட இணைப்புக் குழாய்கள், கண்ணுக்கு ஒட்டு, தோளுக்கும் காலுக்கும் மெத்தை, எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கண் அழுத்த நோய் உண்டா என்று முதல் நாளே கேள். தலை 25 முதல் 45 டிகிரி வரை கீழே சாய்ந்து மணிக்கணக்கில் கிடக்கப்போகிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அரிதாகப் பார்வையே போனதும் உண்டு.

வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது நாடித்துடிப்பு சட்டென்று இறங்கலாம். உடனே வாயுவை வெளியேற்றச் சொல், அட்ரோபின் கையருகே இருக்கட்டும். சாய்த்த பிறகு மறுபடி இரு பக்க நெஞ்சிலும் காது வைத்துக் கேள். உதரவிதானம் நுரையீரலை மேலே தள்ளுவதால், சரியாக இருந்த டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் போயிருக்கலாம். ஆக்சிஜன் குறைந்த பிறகு தேடுவது தாமதம்.

சிறுநீர்ப்பையையும் சிறுநீர்த்தாரையையும் தைத்து முடிக்கும்வரை திரவத்தை அளந்து கொடு. அதிகமானால் தையல் போடும் இடத்தில் சிறுநீர் தேங்கும், முகமும் வீங்கும். வீக்கம் வெளியே தெரிகிற அளவுக்குத் தொண்டைக்குள்ளும் இருக்கலாம். அறுவை முடிந்ததும் தலையை உயர்த்தி வைத்துக் காத்திரு. டியூபின் கஃபிலிருந்து காற்றை இறக்கி, டியூபைச் சுற்றி மூச்சு கசிகிறதா என்று பார். கசியவில்லையென்றால், அடுத்த கேஸ் வாசலில் நின்றாலும் டியூபை எடுக்காதே.

சர்ஜன் கன்சோலில் இருப்பார். தலைமாட்டில் நிற்கும் மருத்துவர் நீதான். இதயம் நின்றால் ரோபோவைக் கழற்றி ஒதுக்கியாக வேண்டும். கருவிகளை யார் உருவுவது, ரோபோவை யார் தள்ளுவது, மேசையை யார் நிமிர்த்துவது என்பது அந்த நேரத்தில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. சேர்ந்த முதல் வாரத்திலேயே சர்ஜனிடமும் சிஸ்டரிடமும் ஒத்திகைக்கு நேரம் கேள். புதியவன் கேட்பதா என்று தயங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்