தமிழ்வாணனின் துப்பறியும் புதினங்களும் மொழித்தூய்மையும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்த் துப்பறியும் புனைகதையைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் தமிழ்வாணன் (1926–1977) முதன்மையானவர். அவருடைய வாழ்வையும் எழுத்துப் பணியையும் அவர் கையாண்ட மொழிநடையின் வழி இக்கட்டுரை அணுகுகிறது. மொழித்தூய்மைச் சிந்தனை அறிஞர் அவைகளோடு நின்றுவிடாமல் வார இதழ்களின் வழியாகவும் பரவியது என்பதற்குச் சங்கர்லால் கதைகள் சான்றாகின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: தமிழ்வாணன், சங்கர்லால், கல்கண்டு, துப்பறியும் புதினம், மொழித்தூய்மை.

முன்னுரை

தமிழ் நாவலின் வரலாறு 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். அவ்வரலாற்றில் துப்பறியும் கதைகளுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓரிரு பத்திகளே. க.நா.சுப்ரமண்யம் முதலிய திறனாய்வாளர்கள் வணிக எழுத்தைத் தீவிர இலக்கியத்திலிருந்து பிரித்து விலக்கினர். ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ போன்ற ஆய்வுகள் வெகுமக்கள் வாசிப்பை வரலாற்றுப் பொருளாக்கிய பின்னரும், துப்பறியும் கதைகளின் மொழிநடை உரிய கவனம் பெறவில்லை. தரமதிப்பீடு ஒன்று, வரலாற்றுச் சான்றாக மதித்தல் வேறொன்று. இக்கட்டுரை இரண்டாவதையே மேற்கொள்கிறது.

முன்னோடிகள்

தமிழ்வாணனுக்கு முன்னரே இத்துறை செழித்திருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) ஆங்கிலப் புதினங்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே.ஆர்.ரங்கராஜு (1875–1959) துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் (1880–1942) ‘மேனகா’ 1935லும் ‘திகம்பர சாமியார்’ 1950லும் திரைப்படங்களாயின. இவர்களுடைய நடை வடசொற்கள் மிகுந்தது, வாக்கியங்கள் நீண்டவை. ‘பாலாமணி அல்லது பக்காத் திருடன்’ என்பது போன்ற இரட்டைத் தலைப்புகளே அக்காலச் சுவையைக் காட்டும். இம்மரபின் கதைப்பின்னலைத் தமிழ்வாணன் பெற்றுக்கொண்டார், நடையை மாற்றினார்.

வாழ்வும் இதழ்ப் பணியும்

தேவகோட்டையில் பிறந்த இவருடைய இயற்பெயர் இராமநாதன். ‘தமிழ்வாணன்’ என்னும் பெயரைச் சூட்டியவர் திரு.வி.க. என்பர். சிறுவர் இதழான ‘அணில்’ இவருக்குப் பயிற்சிக் களமாயிற்று. பின்னர் ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியராக விளங்கி, இறுதிவரை அதனோடு பிரிக்க இயலாதபடி இணைந்திருந்தார். ‘துணிவே துணை’ என்பது அவருடைய முழக்கம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த உருவமே அவருடைய முத்திரையாயிற்று. மணிமேகலைப் பிரசுரத்தை நிறுவிப் பதிப்பாளராகவும் செயல்பட்டார். பொதுக் கருத்துக்கு எதிராக ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்ற நூலை எழுதி விவாதத்தை எழுப்பினார்.

கல்கண்டின் உள்ளடக்கத்தை இங்குக் கருதுதல் வேண்டும். தொடர்கதையோடு அறிவியல், உடல்நலம், அயல்நாட்டுச் செய்தி பற்றிய துணுக்குகளும் வாசகர் வினாக்களுக்கான விடைகளும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலம் அறியாதவருக்கு உலகச் செய்தியைத் தமிழில் தருவது அவ்விதழின் போக்கு. சங்கர்லாலின் பயணங்கள் அப்போக்கின் புனைகதை வடிவம் எனலாம்.

சங்கர்லால் கதைகளின் மொழி

சங்கர்லால் தேநீர் பருகியபடி சிந்திப்பவர். மனைவி இந்திராவும் உதவியாளர் மாதுவும் கதைதோறும் தொடர்கின்றனர். ‘டோக்கியோ ரோஜா’, ‘பெர்லினில் சங்கர்லால்’, ‘நியூயார்க்கில் சங்கர்லால்’ எனக் களம் உலக நகரங்களுக்கு விரிகிறது. களம் விரிந்தும் மொழி கலக்கவில்லை. குறுகிய வாக்கியங்கள், இயன்றவரை ஆங்கிலம் தவிர்த்த உரையாடல், இலக்கண வழுவற்ற எழுத்து வழக்கு ஆகியவை இந்நடையின் கூறுகள்.

இதனை 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தோடு அப்படியே பொருத்துவது பிழையாகும். ‘சங்கர்லால்’ என்னும் பெயரே அதற்குத் தடை. தொல்காப்பிய மொழிமரபின்படி சகரம் அகரத்தோடு கூடி மொழிமுதலாகாது. ரகரப் புள்ளியின் பின் லகரம் மயங்குவதும் இல்லை. ஒரே பெயர் இரு விதிகளை மீறுகிறது. அப்பெயரைத் தாங்கியவர் பேசும் தமிழோ கலப்பைத் தவிர்க்கிறது. ஆகவே தமிழ்வாணனிடம் காணப்படுவது கொள்கைவழித் தனித்தமிழ் அன்று, பயன்பாட்டுவழித் தூய்மை. பெயர்களை வந்தபடி ஏற்று, வினையையும் விளக்கத்தையும் தமிழில் அமைக்கும் முறை அது. ‘பெர்லினில்’ என ஏழாம் வேற்றுமை உருபேற்று நிற்கும் அயல் நகர்ப்பெயர் இம்முறையின் எளிய எடுத்துக்காட்டு.

இந்நடைக்கு இழப்பும் உண்டு. திருடனும் காவல் அதிகாரியும், சென்னையில் வாழ்பவரும் டோக்கியோவில் வாழ்பவரும் ஏறத்தாழ ஒரே மொழியில் பேசுகின்றனர். வட்டார வழக்கு, சாதி, வர்க்கம் ஆகியவற்றின் தடம் உரையாடலிலிருந்து மறைந்துவிடுகிறது. குற்றம் எந்தச் சமூகச் சூழலில் முளைக்கிறது என்ற வினாவும் அதனோடு மங்குகிறது. சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ தொடரும் பின்னர் எழுந்த கணேஷ்–வசந்த் கதைகளும் இவ்விடைவெளியை நிரப்பின. ஆங்கிலம் கலந்த நகர்ப்பேச்சு அவற்றில் பாத்திரப் பண்பை உணர்த்தும் கருவியாயிற்று. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் புதினங்கள் இவ்விரண்டாம் வழிக்கே நெருக்கமானவை.

எனினும், அந்த ஒருமைநடையே வாசகர் தொகையை விரித்தது. கடலூர், விழுப்புரம், திருச்சி, சேலம் ஆகிய நான்கு திசைத் தடங்கள் கூடும் விருத்தாசலம் போன்ற சந்திப்பு ஊரை எண்ணிப் பார்க்கலாம். அங்கு வண்டிக்குக் காத்திருப்போரும் பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை முடித்துத் திரும்புவோரும் ஒரே வட்டாரப் பேச்சினர் அல்லர். எந்த வட்டாரத்துக்கும் உரியதாகாத நடை எல்லா வட்டாரத்தாருக்கும் எளிதாகிறது. பள்ளிப் பாடநூலுக்கு வெளியே பிழையற்ற உரைநடையை விரும்பிப் படிக்கும் வாய்ப்பை அத்தகையோருக்கு நல்கியவற்றுள் இவ்வகைக் கதைகளும் அடங்கும்.

முடிவுரை

தமிழ்வாணனை இலக்கியச் சிகரமாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், தமிழ் உரைநடையின் தூய்மை வரலாற்றை மேடை, பாடநூல், ஆட்சிமொழி ஆகிய மூன்றைக் கொண்டு மட்டும் எழுதினால், அத்தூய்மை பொழுதுபோக்காகப் படிக்கப்பட்ட பகுதி விடுபட்டுப் போகும். ‘வணிக எழுத்து’ என்னும் முத்திரை ஆய்வாளரைத் தடுப்பதோடு நிற்பதில்லை, நூலகரையும் தடுக்கிறது. பாதுகாக்கத் தகாதது எனக் கருதப்பட்ட மலிவுத் தாள் விரைவில் மக்கிவிடும். தேவகோட்டை அமைந்த அதே செட்டிநாட்டில், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பே இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்றுள்ளது. தனியொருவரின் ஆர்வம் காத்ததைப் பல்கலைக்கழகத் துறைகளும் காத்தல் வேண்டும். முதற்பணியாகக் கல்கண்டு தொடர்வடிவத்தையும் பின்னைய நூல்வடிவங்களையும் சொல் அளவில் ஒப்பிடும் பாட ஆய்வு மேற்கொள்ளத்தக்கது.