நாகைப் பெரும்பள்ளியும் நாடுகளின் அமைதியும்

நெடுங்காட்டிற்குத் தெற்கே அணித்தாக உள்ளது திருநள்ளாறு. காரைக்கால் நகரில் அம்மையார் திருக்கோயிலும், மஸ்தான் சாகிபு தர்காவும், தேற்றரவு அன்னை ஆலயமும் ஓரூரில் விளங்குகின்றன. பல சமயத்தாரும் கலந்து வாழும் இந்நிலத்தில் ஒரு வினாவை எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். சமயங்கள் பலவாயிருத்தலாலேயே நாடுகள் போரிடுகின்றன என்பார் உளர். சமயம் ஒன்றாகிவிடின் போர் ஒழிந்துவிடுமா? இதற்குரிய விடையை வேறெங்கும் தேடவேண்டா. இக்கடற்கரை வரலாறே அதனை உரைக்கும்.

ஒரே சமயம், ஓயாத போர்

வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் இருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் ஆண்டனர். 1739-இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர் 1954 வரை நிலைத்தனர். இவர்களோடு ஆங்கிலேயரும் வந்தனர். உட்பிரிவுகள் வேறாயினும், அனைவரும் வணங்கியது இயேசு பெருமானையே. ஆயினும் 1760-இல் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர். 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து நாகையைக் கவர்ந்தனர். 1808-இல் தரங்கம்பாடியையும் கைக்கொண்டனர். ஒரே பெருமானை வணங்கியமை அவர்தம் போரைத் தடுக்கவில்லை. வணிக ஆசையும் ஆட்சி வேட்கையும் வாளை உருவச் செய்தன.

வேற்றுச் சமயம், விழுமிய நட்பு

இதற்கு மாறான காட்சி ஒன்று ஆயிரம் ஆண்டுகட்கு முன் நாகையில் நிகழ்ந்தது. சுமத்திராத் தீவிலும் மலாய் நாட்டிலும் ஆணை செலுத்தியது சீவிசயப் பேரரசு. அதன் பௌத்த மன்னர், கடல் கடந்து வந்து தங்கும் தம் மக்கள் வழிபடுதற்பொருட்டு நாகையில் ஒரு பள்ளியை எடுப்பித்தனர். அதுவே சூடாமணி விகாரம். 'சிவபாதசேகரன்' என்னும் பட்டமுடைய முதலாம் இராசராசன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு அளித்தான். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,900 கலம் நெல் அப்பள்ளிக்கு உரியதாயிற்று. தந்தை சொல்லால் அளித்ததை மைந்தன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தான். பின்னாளில் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால் அவை 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன.

கொடை ஒருபக்கத்தது மட்டுமன்று. நாகைக் காரோணத்துச் சிவபெருமானுக்குச் சீவிசய மன்னரின் அலுவலர் அணிகலன்களையும் பொன்னையும் அளித்த செய்தியை அத்திருக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன.

போரும் மீட்சியும்

இத்துணை நட்பிருந்தும் 1025-இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மீது சென்றது. சீன நாட்டோடு நிகழ்ந்த கடல் வாணிகமே அப்போருக்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் பலர் கருதுவர். சமய நட்பு ஒன்றே போரைத் தடுத்துவிடும் என்று எண்ணுதலும் பிழையே என்பதை இஃது உணர்த்துகின்றது.

ஆயின், கதை அத்துடன் முடியவில்லை. 1090-ஆம் ஆண்டளவில், கடாரத்து அரசனின் தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, நாகைப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரி விலக்கினைச் செப்பேடாக்கித் தருமாறு வேண்டினர். அவனும் இசைந்து அளித்தான். அவற்றுள் ஒன்றன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. மற்றொன்றன் பெயர் இராசேந்திரசோழப் பெரும்பள்ளி. கடாரத்தின் மீது படை செலுத்திய வேந்தனின் பெயரே புத்தர் பள்ளிக்கு வழங்கிற்று! போர் மூண்ட போதும் அறக்கொடை அழிக்கப்படவில்லை. அதனாலன்றோ பகை நீங்கியபின் இரு நாட்டாரும் மீண்டும் பேசுதற்கு ஒரு வாயில் திறந்திருந்தது!

நாம் கொள்ளத்தக்கது

இராசராசன் தன் சமயத்தில் தளர்ந்தவனல்லன். மதுரை அனல்வாதத்தில் திருஞானசம்பந்தரின் திருநள்ளாற்றுப் பதிக ஏடு வேகாது நின்று 'பச்சைப் பதிகம்' எனப் பெயர் பெற்றதைப் போற்றும் சைவ மரபில் வந்தவனே அவன். கொள்கையில் உறுதி வேறு. பிறர் வழிபாட்டின்மீது பகை வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை நீக்குவதே சான்றோர் நெறி.

சமயங்களுக்கிடையே இணக்கம் தோன்றினாலன்றி உலக அமைதி கைகூடாது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆன்சு குங் (1928–2021) தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். நாகை வரலாறு அதனோடு இன்னொன்றையும் சேர்க்கின்றது. மண்ணாசையும் பொருளாசையும் அடங்கினாலன்றி அவ்விணக்கமும் முழுப்பயன் தாராது.

நாடுகளின் போரை நிறுத்தும் ஆற்றல் கோயிலுக்கு வரும் எளிய அன்பருக்கு இல்லாதிருக்கலாம். ஆயின், அயல்வீட்டாரின் வழிபாட்டிடத்தைத் தம் கோயில்போல் காக்கும் ஆற்றல் ஒவ்வொருவர்க்கும் உண்டு. பகை மூளும் நாளிலும் அவ்வாயிலை அடையாது காப்போமாக. திருநள்ளாற்றுப் பெருமான் அதற்கு அருள்புரிவானாக.