கூடத்துக் கணனியும் கடைக் காசும்

வியாபாரச் சகோதரர்களே, கல்லாப்பெட்டிச் சாவியை நாம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவைப்பதில்லை. ஆனால் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் பணம் அனுப்பும் கணனியைக் கூடத்தில் வைத்து, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் அவசரமாகப் பணம் அனுப்ப உட்கார்ந்தேன். வங்கியின் பெயரைத் தட்டியதும் வழமையான தேடல் பக்கம் வராமல் வேறொன்று வந்தது. அதில் முதலாவதாக இருந்த இணைப்பைத் திறந்தேன். பார்வைக்கு வங்கியின் பக்கமேதான். பாஸ்வேர்டில் பாதியைத் தட்டிய பிறகே முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பது கண்ணில் பட்டது. உடனே மூடிவிட்டு வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், பணம் போகவில்லை. அது முழுதும் என் பணமுமல்ல. கடனுக்கு எடுத்த சரக்கின் காசு, அமானிதம்.

உயர்தரம் படிக்கும் மகனைக் கேட்டேன். "மெட்ச் பார்க்க விடாம சிவப்புப் பக்கம் வந்து மறிச்சுது வாப்பா, அதான் ஓஃப் பண்ணினேன்" என்றான். குரோமில் 'சேஃப் பிரவுசிங்' என்ற காவலை நிறுத்தி, அந்தத் தளம் கேட்ட 'எக்ஸ்டென்ஷன்' ஒன்றையும் சேர்த்திருந்தான். தேடல் பக்கத்தை மாற்றியது அதுதான்.

ஏச வாயெடுத்தவன் அடங்கிப்போனேன். எச்சரிக்கையைத் தாண்டும் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். முன்பிருந்த பழைய கணனிக்குள் நாணயம் அளவான பெட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் நின்று வந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழைத்தால் நல்ல தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும், பிரவுசர் எச்சரிக்கும். அந்தக் கால இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் "பரவாயில்லை, கீழே உள்ளதை அழுத்திப் போ" என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தேன். சின்னப் பெட்டரி ஒன்றை மாற்றப் பஞ்சிப்பட்டதன் பலன்.

செய்யவேண்டிய வேலை பெரிதல்ல. விண்டோஸில் முதலில் திறக்கும் கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது எதையும் மாற்றும் அதிகாரம் உள்ளது. பல வீடுகளில் எல்லோரும் அதற்குள்தான் புழங்குகிறார்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' என்று போய், வீட்டாருக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' தரத்தில் வேறு கணக்கு திறந்துகொடுங்கள். உங்களுடையதன் பாஸ்வேர்டையும் பின் இலக்கத்தையும் மாற்றிவிடுங்கள். இனி யாராவது வைரஸ் காவலை நிறுத்தப் பார்த்தால் கணனி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்.

பிள்ளை தன் கணக்கில் குரோமின் காவலை அப்போதும் நிறுத்தலாம். ஆனால் அந்த மாற்றம் அவன் கணக்கோடு நிற்கும். நீங்கள் வங்கி வேலை செய்யும் பிரவுசரின் செட்டிங் மாறாது. அவனது கூகுள் கணக்கை மட்டும் உங்கள் குரோமில் சேர்க்க விடாதீர்கள். சேர்த்து 'சிங்க்' போட்டால் அவனுடைய எக்ஸ்டென்ஷன்களும் கூடவே வந்துவிடும்.

"நம்ம சின்னக் கடைக்கு யார் வரப்போறான்?" என்று மச்சான் கேட்டார். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியையே ரான்சம்வெயர் பூட்டியது. சுமார் 5,000 முகவரிகள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை.

பிரதி என்றதும் எனக்கு வாப்பாவின் ஞாபகம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவரது கடன் கொப்பி கடையோடு போயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைப் புத்தளத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினார். கொடுக்கவேண்டியதைத்தான் முதலில் எழுதினார். என் கடைக் கணக்கு இப்போது மாதாமாதம் ஒரு பென் டிரைவில் ஏறுகிறது. ஏற்றி முடிந்ததும் அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்கிறேன்.